சமத்துக்கு விட்ட ஆட்டம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. மீதி மூன்றும் யாருடைய பிள்ளைகள் என்று வெளியாட்கள் கேட்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கல்மண்டபம் மார்க்கெட்டில் கூடை இறக்கி, மீன் விற்றுத்தான் ஏழு பேரையும் ஆளாக்கினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனாலும் எந்த ஆபீசிலும் கட்டைவிரலை நீட்டியதில்லை. என் பெயரை நானே எழுதுவேன். இதை எழுதுவதும் நான்தான். ஒரு பக்கம் எழுத ஒரு மத்தியானம் ஆகிறது, ஆகட்டும். ஒற்று விட்டுப்போன இடங்களில் மட்டும் பேத்தி போட்டுக் கொடுக்கிறாள்.

எழுத வைத்ததும் அவள்தான். போன ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் செஸ் போட்டி. காலையில் இட்லியைக் கூடச் சரியாகத் தின்னாமல் ஓடினாள். சாயங்காலம் வந்து பையைக் கட்டிலில் எறிந்தாள்.

“இன்னாடி ஆச்சு? தோத்துட்டியா?”

“தோத்திருந்தாக் கூட பரவால்ல ஆயா. டிரா.”

“அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற?”

“உனக்குப் புரியாது ஆயா. அவ்ளோ நேரம் குந்திகினு ஆடி, கடைசில ஒண்ணுமே நடக்கலன்னா எப்டி இருக்கும்?”

எனக்குப் புரியாதாம். ஒரு டிராவுக்காகத் தெருவே கேட்கும்படி அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தவள் நான். அதை இவளிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னால் பாதியில் போன் வரும், எழுந்து போய்விடுவாள். எழுதினால் எங்கே போவாள்.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் சந்தில் என் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் காது குத்தியிருந்தது. பொன் இல்லாத வீட்டுப் பெண்கள் கூட ஓட்டையில் துடைப்பக்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டு, கம்மல் போட்டவள் மாதிரி தலையை ஆட்டிப் பேசுவார்கள். எனக்குச் செருக ஓட்டை இல்லை. பள்ளிக்கூடத்தில் ‘மொட்டைக்காதி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு நாள் சிவப்புக் கண்ணாடி மணி இரண்டைச் சோற்றுப் பருக்கையால் காதில் ஒட்டிக்கொண்டு போனேன். பிரேயர் முடிவதற்குள் ஒன்று காய்ந்து விழுந்துவிட்டது. மற்றொன்று ஒட்டியிருந்ததுதான் பெரிய அவமானம்.

காது குத்தாததற்குக் காரணம் தாய்மாமன். இருந்தும் இல்லாத தாய்மாமன். எங்கள் பக்கத்தில் மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். வேறு மடியில் உட்கார்ந்து குத்தினால் அது வெறும் ஓட்டைதான், காது குத்தல் ஆகாது. ஒரு வயதில் குத்த வேண்டியது குடும்பத்தில் ஒரு சாவால் தள்ளிப்போனது. அப்புறம் கையில் காசில்லை. எல்லாம் கூடிவந்த வருஷத்தில் என் நைனாவுக்கும் மாமாவுக்கும் பேச்சு நின்றுபோனது.

இத்தனைக்கும் அவர்கள் உறவுக்காரர்கள் ஆவதற்கு முன்பே தோஸ்துகள். ஒரே கட்டுமரத்தில் தொழில் செய்தவர்கள். முன்னால் மாமா, பின்னால் நைனா. மாமா தன் தங்கச்சியை நைனாவுக்குக் கொடுத்ததே, வெளியாள் யாரும் நடுவில் வந்துவிடக் கூடாது என்றுதானாம். அம்மா சொல்லிச் சிரிப்பாள். அதற்கு முன்பும் பின்பும் இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

பிறகு நைனாவுக்கு ஹார்பரில் மூட்டை இறக்கும் கேங்கில் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம், காக்கிச் சட்டை. வேலைக்குப் போனது தப்பில்லை. போகிறேன் என்று மாமாவிடம் சொல்ல நைனாவுக்கு வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் சொல்லாமலே போய்விட்டார். அன்று விடியற்காலையில் மாமா துடுப்போடு கரையில் நின்றிருக்கிறார். பக்கத்துக் கட்டுமரங்கள் எல்லாம் கடலுக்குள் போய்விட்டன. சூரியன் ஏறிய பிறகு யாரோ ஒருத்தர் வந்து, உன் மச்சான் காக்கி போட்டுக்கினு ஹார்பர் கேட்டாண்ட நிக்கிறான் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு ஆள் தள்ள வேண்டிய மரத்தை மாமா ஒரே ஆளாக மணலில் இழுத்துக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு வேறு ஆளோடு கடலுக்குப் போனார். எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

நைனாவும் போகவில்லை. தப்பு செய்தவருக்கு ரோஷம் அதிகம் இருக்கும் போல. “அவன் வந்து கேக்கட்டும், சொல்றேன்” என்பார். அங்கே மாமா, “அவன் வந்து சொல்லட்டும், கேக்கறேன்” என்பாராம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாலு சந்து. அந்த நாலு சந்திலும் அம்மாதான் நடந்தாள். போகும்போது என்ன சொல்லிக்கொண்டு போனாளோ, வரும்போது ஒன்றும் கொண்டுவரவில்லை.

இருவரும் செஸ் ஆடுவார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். கப்பலில் சமையல் செய்து ஓய்ந்துபோன ஒரு பாய் எங்கள் தெருமுனையில் இருந்தார். கப்பல் பாய் என்போம். மழைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாத நாட்களில் நைனாவையும் மாமாவையும் கூப்பிட்டு உட்கார வைத்து அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அவர் சொல்லிக்கொடுத்தது வடக்கத்தி ஆட்டம். அதில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும். இந்தக் காலத்தில் முதல் தடவை இரண்டு கட்டம் தாவலாமாம். இப்போது பிள்ளைகள் மந்திரி என்கிற காயைப் பாய் ஒட்டகம் என்பார். எனக்கும் அது ஒட்டகம்தான். குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, அந்த இடத்தில் ஒட்டகத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்தால், அது பலகையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை குறுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும். நைனாவும் மாமாவும் எந்த ஆட்டத்தையும் இப்படித்தான் தொடங்குவார்கள். அதற்கு ‘சாய்ச்சுத் தள்றது’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கட்டுமரத்தை அலைக்கு நேராக யாரும் தள்ள மாட்டார்கள், தூக்கி அடித்துவிடும். சற்றுச் சாய்த்துத் தள்ளினால்தான் அலை கீழே விட்டுக்கொடுக்கும்.

சண்டைக்குப் பிறகு இருவரும் செஸ்ஸையும் விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தோம்.

அந்த வருஷம் பொங்கலுக்கு எங்கள் தெருவில் இருந்த மன்றத்தில் போட்டி வைத்தார்கள். உறியடி, கயிறு இழுத்தல், கேரம். கேரம் என்றால் எங்கள் பக்கத்தில் உயிரை விடுவார்கள். கூடவே பேருக்குச் செஸ்ஸும் வைத்தார்கள். ஆட ஆள் சேராது என்று நினைத்து வைத்த போட்டி அது. மன்றத்துச் செயலாளர் ஒரு தையல்காரர். வாய் ஓயாதவர். நைனாவிடம் போய், “உன் மச்சான் பேர் குட்த்துட்டான், நீ ஜகா வாங்கிட்டியாமே” என்றார். பிறகு மாமாவிடம் போய் அதையே திருப்பிச் சொன்னார். இருவரும் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

மற்றவர்களை எல்லாம் ஊதித் தள்ளிவிட்டு, கடைசி ஆட்டத்துக்கு இருவரும் வந்து நின்றார்கள். வராமல் வேறு யார் வருவார்கள். மற்றவர்கள் செஸ் ஆடியதே கேரம் பலகை காலியாகும் வரைக்கும்தான்.

“இத பாருங்கபா, கப்பு ஒருத்தனுக்கு. தோக்கறவனுக்கு ஒரே ஒரு தண்டனை. அவன்தான் மொதல்ல பேசணும். இன்னா, சம்மதமா?” என்றார் தையல்காரர்.

நைனா சுவரைப் பார்த்துத் தலையாட்டினார். மாமா தெருவைப் பார்த்துத் தலையாட்டினார்.

சேதி எங்கள் சந்துக்கு வந்தபோது நான் பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டு அம்மா பின்னால் நின்றிருந்தேன். கணக்கு எனக்கு உடனே புரிந்தது. நைனா தோற்றால் நைனா பேசுவார். மாமா தோற்றால் மாமா பேசுவார். யார் தோற்றாலும் எனக்குக் கம்மல். ஆட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் ஒருத்தர் தோற்றுத்தானே ஆக வேண்டும். பல்லாங்குழியிலிருந்து பாண்டி வரைக்கும் நான் ஆடிய எல்லா ஆட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. யாரும் தோற்காமல் ஓர் ஆட்டம் முடியும் என்பதை எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா எனக்குத் தலை பின்னினாள். வழக்கமாகக் காதை மூடிச் சீவி, தளர்வாக விட்டு, கீழே ரிப்பன் கட்டுவாள். வெறும் காதைப் பார்த்து யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்று அவளுக்கு வெட்கம். அன்று எண்ணெயை வழிய வழியத் தேய்த்து, நெற்றித்தோல் இழுபட முடியைப் பின்னுக்கு இழுத்து, இரட்டைப் பின்னல் போட்டு, அதையும் மடித்துத் தூக்கிக் கட்டினாள். கண் இரண்டும் மேலே ஏறிக்கொண்டன.

“யம்மா, வலிக்கிதுமா.”

“கம்முனு இரு.”

“எல்லாரும் காதப் பாப்பாங்கமா.”

“பாக்கட்டும். பாத்தா தேஞ்சா பூடும்?”

பிறகு கூஜாவில் டீயும் இரண்டு டம்ளரும் கையில் கொடுத்தாள். பெண்கள் மன்றத்துக்குப் போவதில்லை, சின்னப் பெண் போகலாம். “நைனா பக்கத்துல நில்லு. மேல லைட்டு தொங்கும் பாரு, அதுக்குக் கீழ நில்லு. அங்க இங்க ஆடாத” என்றாள். நைனாவுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று அனுப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மன் கோயிலைத் தாண்டும்போது நின்று, நைனா தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மாமா தோற்றால் ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கோபத்தோடு அப்படியே போனாலும் போய்விடுவார். நைனா தோற்றால் ராத்திரி வீட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். மீதியை அம்மா பார்த்துக்கொள்வாள்.

மன்றத்தில் கேரம் சத்தம் அன்று இல்லை. கேரம் ஆடுகிற ஆட்கள் எல்லாம் செஸ் பலகையைச் சுற்றி நின்றிருந்தார்கள். பலகை ஒட்டுப்பலகையில் பெயிண்ட் அடித்தது. வெள்ளை யானை ஒன்று தொலைந்துபோய், அதற்குப் பதிலாகத் தையல்காரர் வீட்டு நூல் கட்டை நின்றது. வெள்ளைக் காய் மாமாவுக்கு விழுந்தது. மாமா கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டு, குதிரைக்கு முன்னால் இருந்த சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார்.

“மொத தபா ரெண்டு கட்டம் போலாம்பா” என்றார் தையல்காரர்.

மாமா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நைனாவின் கை போய், தன் குதிரைக்கு முன்னால் இருந்த சிப்பாயை அதே மாதிரி ஒரு கட்டம் தள்ளியது.

மாமா ஒட்டகத்தை அந்த இடத்தில் உட்கார வைத்தார். நைனாவும் உட்கார வைத்தார். மாமா தன் மறுபக்கத்துச் சிப்பாயையும் ஒரு கட்டம் தள்ளி, இரண்டாவது ஒட்டகத்தையும் அப்படியே வைத்தார். நைனாவும் அப்படியே. நாலு மூலையிலும் நாலு ஒட்டகம் சாய்ந்து சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றன.

“இன்னாபா இது, கண்ணாடி பாத்து தல வார்ற மாரி கீது.”

“மாமனும் மச்சானும் பேசி வெச்சிகினு வந்துட்டாங்கடா.”

“எங்க பேசறது. பேசுனாத்தான் பிரச்சனையே இல்லியே.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் இருவர் மட்டும் சிரிக்கவில்லை. நைனாவின் காது சிவந்திருந்தது. எனக்கு இப்போது தோன்றுகிறது, கட்டுமரத்தில் அத்தனை வருஷம் ஒன்றாகப் போனவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். முன்னால் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவர் தெரியாது. பின்னால் இருப்பவருக்குத் தெரிவது முதுகு. துடுப்பு தண்ணீரில் விழுகிற சத்தத்தை வைத்தே அடுத்தவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்துகொள்வார்கள். அன்று முகத்துக்கு முகம் உட்கார்ந்திருந்தும், இருவரும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வெட்டத் தொடங்கினார்கள். அவர் ஒன்று எடுத்தால் இவர் ஒன்று. பலகையில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, யாரோ லைட்டைப் போட்டார்கள். நான் அம்மா சொன்ன இடத்தில் கூஜாவைக் கட்டிக்கொண்டு ஆடாமல் நின்றேன். எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் நைனாவின் கால் கட்டைவிரல் தெரியும். மனசு சரியில்லை என்றால் அது தரையைத் தேய்க்கத் தொடங்கிவிடும். ஹார்பரில் யாரோடாவது தகராறு என்றாலும், வீட்டில் அரிசி தீர்ந்தது என்றாலும், முதலில் தெரிந்துகொள்வது அந்த விரல்தான். அது இப்போது தேய்த்துக்கொண்டிருந்தது. முதலில் மெதுவாக. பிறகு சிமெண்டுத் தரையில் சொறிகிற சத்தம் எனக்கே கேட்டது.

நைனா தோற்கப்போகிறார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சுற்றி நின்றவர்களுக்கும் தெரிந்துவிட்டது. “குதிர. குதிரய எட்த்து வெச்சா முடிஞ்சிது” என்று ஒருவர் முணுமுணுக்க, தையல்காரர் அவர் வாயைப் பொத்தினார். மாமாவின் கை குதிரையைப் பார்த்துப் போனது. தொட்டால் ஆடியே தீர வேண்டும் என்பது கப்பல் பாய் காலத்துச் சட்டம்.

அந்த நேரம் பார்த்து நைனா, “டீ ஊத்து பாப்பா” என்றார். நான் ஒரு டம்ளரில் ஊற்றி நைனாவிடம் கொடுத்தேன். அடுத்த டம்ளரில் ஊற்றிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். பேசாத மாமாவுக்கு டீ கொடுக்கலாமா, கூடாதா. அம்மா இரண்டு டம்ளர் கொடுத்திருந்தாள். நீட்டினேன்.

மாமா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையிலிருந்த டம்ளரை வாங்கவில்லை. முதலில் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஒரு பக்கம் பார்த்தார், அப்புறம் இன்னொரு பக்கம். நான் கூச்சத்தில் தலையைக் குனிந்தேன். பின்னல் இழுத்த இழுப்பில் தலை குனியவும் இல்லை.

குதிரைக்கு மேலே நின்ற மாமாவின் கை தொடாமல் திரும்பியது. டீயை வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு பலகையைப் பார்த்தபடியே சொன்னார்:

“இன்னா மச்சான், சமத்துக்கு வுட்டுக்கலாமா?”

நைனாவின் கட்டைவிரல் நின்றுவிட்டது.

“கெலிக்கிற ஆட்டத்த ஏன் வுடுற?” என்றார் நைனா.

“கெலிக்கிறது எனக்குத் தெரியும். உன்ன அது கேக்கல. சமமா, இல்லியா? ஒரு தபா சொல்லாமப் போன. இப்பவாவது வாயத் தொறந்து சொல்லு.”

நைனா தொண்டையைச் செருமினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“சமம் மச்சான்” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தையல்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்து, “தோத்தது யாரு?” என்று கேட்டேன்.

“யாரும் தோக்கல பாப்பா. டிரா.”

“அப்டின்னா?”

“அப்டின்னா கெலிப்பும் இல்ல, தோப்பும் இல்ல.”

“அப்ப யாரு மொதல்ல பேசறது?” என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கினேன். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் பட்டது.

தையல்காரருக்கு வேறு கவலை. “கப்பு ஒண்ணுதான் கீது. டிராவெல்லாம் ஒத்துக்க முடியாது. காய அடுக்குங்க, இன்னொரு தபா ஆடணும்” என்றார்.

“ஆட மாட்டோம்” என்றார்கள் இருவரும். ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

“அப்ப கப்ப யாருக்குக் குடுக்கறது?”

“என் தங்கச்சிக்குக் குடு” என்றார் மாமா.

கூஜா ஒரு கையில், கப்பு ஒரு கையில், கண்ணீரைத் துடைக்கக் கை இல்லாமல் நான் முன்னால் நடந்தேன். பின்னால் நைனாவும் மாமாவும் வந்தார்கள். எங்கள் சந்து முனையில் மாமா நின்றுவிட்டார். “வரேன்” என்றார். நைனா “உம்” என்றார். இருவரும் இரண்டு பக்கமாகப் போனார்கள். எனக்கு அழுகை இன்னும் கூடிவிட்டது. சந்து வரை வந்தவர், வீட்டுக்கு வராமல் போகிறாரே.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். கப்பை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

“யாரு பேசுனது?”

“யாருமே தோக்கலமா” என்று தேம்பினேன்.

“தோத்தது யாருன்னா உன்னக் கேட்டேன்? பேசுனது யாரு?”

யோசித்துப் பார்த்தேன். “மாமாதான். சமத்துக்கு வுடலாமான்னு நைனாவ கேட்டாரு.”

“நைனா இன்னா சொன்னாரு?”

“சமம் மச்சான்னாரு.”

அம்மா முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு அதே முந்தானையால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கு அரிசி கடன் கேட்கப் போனாள். மறுநாளைக்கு ஒரு ஆள் கூடுதலாகச் சாப்பிடுவார் என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எதிரில் நின்று கேட்ட எனக்குத்தான் தெரியவில்லை. தோற்பவர் பேச வேண்டும் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேனா, ஜெயிக்கப்போனவர் பேசியது என் காதில் விழுந்தும் விழாமல் போய்விட்டது.

காலையில் மாமா வந்தார். வெறும் கையோடு வரவில்லை; ஓலையில் சுற்றிய ஒரு பெரிய கொடுவா மீன் இருந்தது. வாசலில் நின்றபடியே, “பத்தர எப்ப வரச் சொல்றது?” என்று கேட்டார். மன்னிப்பு, கின்னிப்பு ஒன்றும் யாரும் கேட்கவில்லை. நைனா நகர்ந்து உட்கார்ந்து பாயில் இடம் விட்டார், அவ்வளவுதான்.

தை முடிவதற்குள் காது குத்தினார்கள். பத்து வயதுப் பெண், மாமா மடியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொட்டது. வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மாமாவின் வேட்டியில் உப்பு வாடை அடித்தது. அந்தக் கப்பில்தான் மஞ்சள் குழைத்து வைத்திருந்தாள் அம்மா. பத்தர் ஊசியை எடுத்ததும் மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. நான் அழவும் இல்லை. அழுதது மாமாதான், தூசி விழுந்துவிட்டது என்றார். நைனா, “ரெண்டு கண்ணுலயுமா மச்சான் விழுந்துச்சு?” என்று கேட்டார். மாமா பதிலுக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகும் நைனா ஹார்பருக்குத்தான் போனார், மாமா கடலுக்குத்தான் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் பலகை போடுவார்கள். சாய்ச்சுத்தான் தள்ளுவார்கள். சில நாள் இவர் ஜெயிப்பார், சில நாள் அவர். வாயில் வராத வார்த்தை இல்லை. சமத்துக்கு விட்டதை மட்டும் நான் மறுபடி பார்க்கவில்லை.

கம்மல் வந்த சந்தோஷத்தில் மற்றதெல்லாம் மறந்துபோனேன். வருஷங்கள் போயின. என் மூத்த பெண்ணை ஒருமுறை பெண் பார்க்க வந்தார்கள். அவளுக்கு நெற்றியில் ஒரு தழும்பு உண்டு. அதை மறைக்கிற மாதிரி முடியை இறக்கிச் சீவிக்கொண்டிருந்தபோது என் கை நின்றுவிட்டது. மறைக்க வேண்டும் என்றால் இப்படித்தானே சீவுவோம். அப்படியானால் அன்றைக்கு அம்மா ஏன் அந்த இழுப்பு இழுத்தாள்? எதற்காக லைட்டுக்குக் கீழே நிற்கச் சொன்னாள்? இரண்டு டம்ளர் ஏன் கொடுத்தாள்? மன்றத்துக்குள் கால் வைக்க முடியாதவள், மாமா எங்கே உட்காருவார், தலை நிமிர்ந்தால் எது கண்ணில் படும் என்று வீட்டில் இருந்தபடியே பார்த்திருக்கிறாள். மாமா சிப்பாயைத் தள்ளியதுதான் முதல் நகர்த்தல் என்று மன்றத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அம்மா அப்போது உயிரோடுதான் இருந்தாள். பல் போய், கண் மங்கி, கட்டிலில் கிடந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன்.

“யம்மா, அன்னிக்கி எதுக்கு எனக்கு அப்டி இஸ்துப் பின்னுன?”

“எந்த அன்னிக்கி?”

“மாமாவும் நைனாவும் மன்றத்துல செஸ் ஆடுன அன்னிக்கி.”

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

“தல பூரா பேனு உனக்கு. அதான் இஸ்துக் கட்டுனேன்” என்றாள்.

இவ்வளவுதான் பேத்தி. இதை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் திரும்பி உட்கார். போனை அங்கே வை. முதலிலிருந்து சத்தமாகப் படி, ஒற்று விட்டிருந்தால் போட்டுக்கொண்டே படி. நான் சீப்பை எடுத்துக்கொள்கிறேன். நீ படித்து முடிப்பதற்குள் உன் தலையைப் பின்னிவிடுகிறேன்.